உதவிப் பக்கத்தின் முதல் வரி

கம்ப்யூட்டரின் உதவிப் பக்கத்தில் ‘திருப்பித் தருகிறது’ என்று போட்டிருக்கிறது. எதைத் திருப்பித் தருகிறது? நான் கொடுத்ததையா, நான் கேட்டதையா? ஆங்கிலத்தில் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிற வரி, தமிழில் நிறுத்திக் கேட்டால் பதில் சொல்லாமல் முழிக்கிறது. ‘ஆர்டர், தன் முதல் உள்ளீட்டை ஏறுவரிசைக்குக் கொண்டுவரும் மாற்றுவரிசையைத் திருப்பித் தருகிறது.’ ஜனவரியில் இதை ஒருமுறை வாசித்திருக்கிறேன். வாசித்துத் தலையையும் ஆட்டியிருப்பேன். இன்றைக்கு இது ஏழாவது தடவை, ஒவ்வொரு தடவையும் ‘கொண்டுவரும்’ என்ற இடத்தில் கால் இடறுகிறது. கொண்டுவந்துவிட்டதா, கொண்டுவரப் போகிறதா, அல்லது கொண்டுவருவதற்கு வழி மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறதா? மணி இரண்டே முக்கால். நான்கு மணிக்குப் பெரிய டாக்டர் அறையில் விசாரணை. காலையில் நானே போய்க் கேட்டு வாங்கிய விசாரணை. சுவருக்கு அந்தப் பக்கம் காது சோதிக்கிற அறை. ஒரு பிள்ளைக்குப் பின்னால் நின்று டமாரத்தைத் தட்டுகிறார்கள், நிறுத்துகிறார்கள், பிள்ளை திரும்புகிறதா என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் நான் திரும்புகிறேன். அந்தப் பிள்ளை திரும்பியதா தெரியவில்லை. பதினோரு வருஷமாக இந்தச் சத்தம் பழகியிருக்க வேண்டும், பழகியும்தான் இருந்தது, இன்றைக்கு மட்டும் யாரோ என் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைச் சோதிப்பது போல இருக்கிறது. பாளையங்கோட்டையில் இந்தக் காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் பதிவேட்டுப் பிரிவு எனக்கு. சண்முகவடிவு என்று பெயர், வடிவு என்றுதான் கூப்பிடுவார்கள். புள்ளியியல் படித்தவள் என்பதால் கம்ப்யூட்டர் வந்தபோது அதுவும் என் தலையில் வந்து விழுந்தது. காது கேளாத பிள்ளைகளுக்கு உள்ளே கருவி வைக்கிற ஆபரேஷன் எங்கள் டிரஸ்டு இலவசமாகச் செய்கிறது. மூன்று மாதத்துக்குப் பன்னிரண்டு பேர்தான். ஆறு வயது முடிந்துவிட்டால் கிடையாது என்பது டிரஸ்டின் விதி. அதனால் யாருக்கு ஆறு முடிய மாதம் குறைவாக இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு முதல் எண். முன்பெல்லாம் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிற லூர்து சார் ஒரு நீளத் தாளில் கையாலேயே எண் போடுவார். ஜனவரியிலிருந்து எண் போடுவது என் புரோகிராம். அதில் மொத்தம் பதினாலு வரி. பதினாலில் ஒரு வரி இந்த ‘ஆர்டர்’ என்கிற கட்டளை.

அந்த வரியையா சந்தேகப்படுவது? நான் சந்தேகப்பட்டது மனுஷர்களை. காலையில் ஒன்பதே காலுக்கு முக்கூடலிலிருந்து பேச்சித்தாய் வந்தாள், இடுப்பில் பிள்ளை, ஐந்தே முக்கால் வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள், கீழே விட்டால் ஓடிவிடும், கூப்பிட்டால் கேட்காது என்பதால். பீடி சுற்றுகிற விரல்கள், நகத்தடியில் புகையிலை நிறம், அந்த விரலால் நோட்டீஸ் பலகையைக் காட்டி, சத்தம் போடாமல், ரகசியம் போலக் கேட்டாள். “ஏம்மா, எம் புள்ளைக்கு இன்னும் மூணு மாசந்தான இருக்கு. முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. அந்த உவரிக்காரங்க பையன் ஜோயலுக்கு நாலு வயசுகூட ஆகல, கேம்புல எங்கூடத்தான் உக்காந்திருந்தாங்க. அவனுக்கு நாலாம் நம்பர். இது எப்படின்னு நீங்களே சொல்லுங்க.” நான் பலகையைப் பார்த்தேன். பதிவு செய்த வரிசையில் நாற்பத்து மூன்று பேர், பெயருக்குப் பக்கத்தில் எண், வேறு ஒன்றும் கிடையாது, வயதோ மாதமோ வெளியே ஒட்டுவதில்லை. தர்ஷிகா, முப்பத்தொன்று. ஜோயல், நான்கு. “செல்வாக்கு இருக்கவங்களுக்குத்தான்னா அத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா, நாலு தடவ பஸ் ஏறி வந்திருக்க மாட்டேன்.” அந்த ‘செல்வாக்கு’ என்கிற சொல்தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. உவரி. லூர்து சாருக்குச் சொந்த ஊர் உவரி. என் கையிலிருந்து பட்டியல் போவது லூர்து சார் கைக்கு, அங்கிருந்து பலகைக்கு. நடுவில் வேறு கை கிடையாது. இதைவிட என்ன வேண்டும்? பேச்சித்தாயை உட்கார வைத்துவிட்டு நேரே மாடிக்குப் போனேன். பெரிய டாக்டர் மங்கையர்க்கரசி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், “வடிவு, லூர்து இங்க இருபத்திரண்டு வருஷமா இருக்கார். உறுதியாத்தான் சொல்றீங்களா?” “எங்கிட்ட இருந்து போனப்புறந்தான் மேடம் மாறியிருக்கு” என்றேன். மாறியிருக்கும் என்று சொல்லவில்லை, மாறியிருக்கு என்றேன். “அப்ப நாலு மணிக்கு வாங்க. கம்ப்யூட்டர்ல இருந்து புதுசா ஒரு லிஸ்ட் எடுத்துட்டு வாங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துருவோம்.” படியிறங்கும்போது எனக்கு ஒரு நிமிர்வு இருந்ததே, அதை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

சந்தேகம் வந்துவிட்டால் ஒரு மனுஷனின் பழைய நாட்களெல்லாம் சாட்சி சொல்லக் கிளம்பிவிடுகின்றன. ஜனவரியில் முதல் பட்டியலைக் கொடுத்தபோது லூர்து சார் அதைக் கையில் வைத்துக்கொண்டு அதிக நேரம் பார்த்தாரே, ஏன்? “கம்ப்யூட்டர் போட்டதாம்மா இது?” என்று கேட்டாரே, நான் “ஆமா சார், இனிமே நீங்க தாளை விரிச்சு உக்கார வேண்டாம்” என்று சிரித்தேனே, அவர் சிரிக்கவில்லையே. அன்றைக்கு அதை ஒரு வயசாளியின் வருத்தம் என்று நினைத்தேன், கையிலிருந்து வேலை போன வருத்தம். இன்று காலை அதே பார்வை வேறாகிவிட்டது, எங்கே கை வைக்கலாம் என்று பார்த்த பார்வை. போன வாரம் கேன்டீனில் என்னைக் கண்டதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்கு முந்தின வாரம் ஏதோ சொல்ல வாயெடுத்து, “ஒண்ணுமில்லம்மா, பெறவு பாப்போம்” என்றார். எல்லாம் பொருந்தியது. பொருந்தினால் உண்மை என்று யார் சொன்னது? ஆனால் பொருந்தியது. மத்தியானம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் புதிதாகப் பட்டியல் எடுத்தேன். தர்ஷிகாவுக்கு ஒன்று வரும், ஜோயலுக்கு முப்பதுக்கு மேலே வரும், இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன், லூர்து சார் முகம் எப்படிப் போகும் என்று பார்த்தும்விட்டேன் மனதுக்குள். பிரிண்டரிலிருந்து தாள் வந்தது. தர்ஷிகா, முப்பத்தொன்று. ஜோயல், நான்கு. பலகையில் இருப்பதும் இதுவும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒன்று. தாள் இன்னும் சூடாக இருந்தது. அப்போதும் என்னை நான் சந்தேகப்படவில்லை, பாருங்கள். என் கம்ப்யூட்டரில் யாரோ புகுந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. பாஸ்வேர்டைக் காலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன், அது யாருக்குத் தெரியும்? சனிக்கிழமை நான் லீவு. நாற்காலி தாழ்ந்திருக்கிறதா? மௌஸ் இடது பக்கமாகத் தள்ளியிருக்கிறதா? பிறந்த தேதிகளை மாற்றியிருப்பார்கள். பீரோவைத் திறந்து நாற்பத்து மூன்று விண்ணப்பத்தையும் எடுத்து ஒவ்வொரு தேதியாகச் சரிபார்த்தேன். ஒன்றுகூட மாறவில்லை. தேதிகள் சரி. மாதக் கணக்கு சரி. தர்ஷிகாவுக்கு எதிரே மூன்று மாதம் என்று கம்ப்யூட்டருக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் முப்பத்தொன்று போடுகிறது. நடுவில் மிச்சம் இருந்தது அந்த ஒரு வரி. கேள்விக்குறி போட்டு ‘ஆர்டர்’ என்று தட்டினால் அதன் உதவிப் பக்கம் திறக்கும். திறந்தேன். அப்படித்தான் இந்த வரிக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உதவிப் பக்கம் என்று பெயர். யாருக்கு உதவி? இதை எழுதியவன் எங்கோ ஒரு குளிர்ந்த ஊரில் உட்கார்ந்திருப்பான், அவனுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தவனுக்குத் தெரிந்த மொழியில் தெரிந்தவனைப் போலவே இன்னொருவனுக்கு எழுதியிருக்கிறான். நான்கு பக்கம் கீழே போகிறேன். சமமான எண்கள் வந்தால் என்ன செய்யும், விடுபட்ட எண்களை எங்கே வைக்கும், எந்த முறையில் எவ்வளவு வேகம், எல்லாம் இருக்கிறது. ‘இது பிள்ளைகளுக்கு எண் போடாது’ என்று ஒரு வரி இல்லை. கடைசியில் ‘இதையும் பார்க்க’ என்று சின்ன எழுத்தில் ஐந்தாறு பெயர். அதில் ஒன்று ‘ரேங்க்’. ரேங்க்! அதை ஜனவரியிலும் பார்த்தேன், நன்றாக நினைவிருக்கிறது, பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டேன். பள்ளிக்கூடத்தில் ரேங்க் என்றால் அதிக மார்க்குக்கு முதல் ரேங்க், இங்கே எனக்குக் குறைந்த மாதத்துக்கு முதல் எண் வேண்டும், ரேங்க் போட்டால் தலைகீழாகிவிடும் என்று பயந்தேன். அதுமட்டுமா, அந்தச் சொல்லைக் கேட்டாலே ஒன்பதாம் வகுப்புதான் நினைவு வரும், கணக்கு டீச்சர் ரேங்க் அட்டையைப் பெயர் சொல்லி வாசித்துக் கீழே போட, நாங்கள் குனிந்து பொறுக்குவோம். ‘ஆர்டர்’ சாதுவாக இருந்தது. வரிசை. வரிசையில் நில்லுங்கள், வரிசை எண் தருகிறேன் என்பது போல. சோதித்துப் பார்க்காமலும் இல்லையே! சோதித்தேன். வீட்டு ஆட்கள் வயதைத்தான் கொடுத்தேன், வீட்டுக்காரருக்கு நாற்பத்தொன்று, எனக்கு முப்பத்தாறு, அத்தைக்கு அறுபத்தெட்டு. வயது குறைந்தவருக்கு முதல் எண். இரண்டு, ஒன்று, மூன்று என்று வந்தது. அவர் இரண்டாவது, நான் முதல், அத்தை மூன்றாவது. சரியாக இருக்கிறதே என்று எழுந்து போய் டீ குடித்தேன். சரியாகத்தான் இருந்தது. இப்போது அதே மூன்று பேரை மாற்றிக் கொடுக்கிறேன், முதலில் அத்தை, பிறகு நான், பிறகு அவர். மூன்று, ஒன்று, இரண்டு என்று வர வேண்டும். இரண்டு, மூன்று, ஒன்று என்று வருகிறது. அத்தைக்கு இரண்டு. எனக்கு மூன்று. அதாவது அறுபத்தெட்டு வயது அத்தை என்னைவிட இளையவள். மறுபடி தட்டுகிறேன். இரண்டு, மூன்று, ஒன்று. மறுபடி. டமாரம். நிறுத்தம். இரண்டாவதாக இருக்கிற ஆளை முதலில் கூப்பிடு, மூன்றாவதாக இருக்கிற ஆளை அடுத்துக் கூப்பிடு, முதலில் இருக்கிற ஆளைக் கடைசியில் கூப்பிடு. அதுதானா? அதைத்தான் சொல்கிறதா? யாரை எடுத்து எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்கிறதே தவிர, யார் எத்தனையாவது என்று சொல்லவே இல்லை. நானோ அந்த எண்ணை எடுத்து அந்தந்தப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டியிருக்கிறேன். பட்டியலை இழுத்துப் பார்க்கிறேன், முதல் வரிசையில் இருக்கிற பிள்ளைக்கு எதிரே பதினேழு. பதினேழாவது வரிசையில் யார்? விரலை வைத்து எண்ணுகிறேன், பதினாலு, பதினைந்து, பதினாறு. தர்ஷிகா. முதலில் கூப்பிட வேண்டியது பதினேழாவது வரிசையில் இருக்கிற பிள்ளையை என்று அது எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, முதல் வரியிலேயே. மறுபடி உதவிப் பக்கத்துக்குப் போகிறேன். ‘ஏறுவரிசைக்குக் கொண்டுவரும் மாற்றுவரிசை.’ ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால் அவன்மேல் போட்டுவிட்டு எழுந்திருப்பேன்.

மூன்று பத்து. ஜனவரி. ஐயோ, ஜனவரிப் பட்டியலும் இதே பதினாலு வரிதானே. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கும் போய்விட்டார்கள். ‘ஆர்டர்’ இருந்த இடத்தில் ‘ரேங்க்’ என்று மாற்றி ஜனவரிக் கணக்கைத் திரும்ப ஓட்டுகிறேன். ஓடாமல் நின்றுவிட்டால் தேவலை என்று இருக்கிறது. ஒரு நொடிகூட எடுக்கவில்லை, நான் பயந்தது போலத் தலைகீழாகவும் வரவில்லை. ஒன்று, மேலப்பாளையம் அப்சானா, அப்போது மீதி ஒரு மாதம். இரண்டு, களக்காடு சிவசுந்தர், மீதி இரண்டு மாதம். மற்றவர்கள் பரவாயில்லை, அடுத்துத் தள்ளியிருப்பவர்களுக்குக்கூட ஏழெட்டு மாதம் இருந்தது, இப்போது கூப்பிட்டால் போதும். இந்த இரண்டு பேருக்கும்தான் அடுத்த பட்டியல் என்று ஒன்று கிடையாது. நான் அன்றைக்குப் போட்ட எண்கள், அப்சானாவுக்கு இருபத்தேழு, சிவசுந்தருக்கு இருபத்திரண்டு. ஆபரேஷன் பதிவேட்டைப் புரட்டுகிறேன். சிவசுந்தர் இல்லை. அப்சானா, பிப்ரவரி ஆறாம் தேதி, ஆபரேஷன் நடந்தது, குழந்தை நலம். எப்படி? இருபத்தேழாம் நம்பர் எப்படி உள்ளே போனது? ஜனவரிக் கோப்பை எடுக்கிறேன், நோட்டீஸ் பலகையிலிருந்து கழற்றி வைத்த அதே தாள். அப்சானாவுக்கு எதிரே இருபத்தேழை அடித்துப் பேனாவால் பன்னிரண்டு. பன்னிரண்டாக இருந்த பையனுக்கு எதிரே இருபத்தேழு. லூர்து சாரின் வளைந்த ஒன்று, எனக்குத் தெரியாதா அந்தக் கையெழுத்து. கை வைத்திருக்கிறார்! ஒரு நொடி எனக்கு எவ்வளவு சந்தோஷம் வந்தது. அசிங்கமான சந்தோஷம், மழைக்கு ஒதுங்க ஒரு கூரை கிடைத்தது போல. நான் சொன்னது சரி, அவர் மாற்றியிருக்கிறார், என் பட்டியலில் கை வைத்திருக்கிறார், இதோ சாட்சி. எந்த எண்ணை எதற்காக மாற்றினார் என்பது அப்புறம்தான் வந்தது. அப்புறமும் அந்தச் சந்தோஷம் உடனே போய்விடவில்லை. உள்ளே ஒரு குரல், ரொம்ப நிதானமான குரல், கணக்குப் போடுகிறது. ‘ஆர்டரை’ ‘ரேங்க்’ என்று மாற்றினால் போதும், ஒரு சொல், யாருக்கும் தெரியாது. புதுப் பட்டியல் எடுத்துக்கொண்டு போ. இதுதான் கம்ப்யூட்டர் போட்டது, பலகையில் இருப்பது அவர் மாற்றியது. ஜனவரித் தாளையும் காட்டு. உதவிப் பக்கத்தை வாசித்துப் பார்க்க இந்த ஆஸ்பத்திரியில் யார் இருக்கிறார்கள்? வாசித்தாலும் யாருக்குப் புரியும்? உனக்கே ஏழு தடவை ஆயிற்று. மூன்று முப்பது. மூன்று நாற்பது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. ஒரு தாய் யாரிடமோ, “கேக்குதா இல்லியான்னு ஒரு வார்த்த சொல்லுங்க” என்கிறாள். சிவசுந்தருக்கு ஆறு முடிந்து இன்றோடு முப்பத்தெட்டு நாள். மூன்று தாளையும் எடுத்துக்கொண்டேன், பலகையில் இருந்தது, ஜனவரியுடையது, இந்தத் தடவைக்கு ‘ரேங்க்’ போட்டு இப்போது சரியாக எடுத்தது. எதைச் சொல்லப்போகிறேன் என்று படியேறும்போதும் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொன்று சொல்லத் தோன்றியது.

அறைக்குள் லூர்து சார் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை போல, நாற்காலி இழுத்தபடி காலியாக இருந்தது. பெரிய டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு களைப்பு. “வடிவு, லூர்து ஒத்துக்கிட்டார்” என்றார். லூர்து சார் என் பக்கம் திரும்பவில்லை, மேஜையைப் பார்த்தே பேசினார். “இந்தத் தடவ நான் எதையும் தொடலை மேடம். உவரிப் பையன எனக்கு யாருன்னே தெரியாது. ஆனா ஜனவரியில மாத்தினேன். அந்தப் பொம்பள, மேலப்பாளையத்துக்காரங்க, பலகைக்கு முன்னால உக்காந்து அழுதுட்டாங்க. ஒரு மாசந்தான் இருக்குங்காங்க. எனக்கும் மனசுல கணக்கு ஓடிச்சு, கையால போட்டுருந்தா இது மொத நம்பராச்சேன்னு. ஆனா கம்ப்யூட்டர் போட்டது. வயசு மட்டுமில்ல, வேற என்னமும் சேத்துப் போடுதோ என்னமோ, நமக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். கேட்டா, வேல போன எரிச்சல்ல பேசுதான்னு வந்துருமோன்னு இருந்துச்சு. பேசாம பேனாவ எடுத்து மாத்திட்டேன். தப்புதான். மூணு மாசமா அத வச்சிக்கிட்டுத்தான் அலையுதேன். இந்தம்மாகிட்ட சொல்லீருவோம்னு ரெண்டு மூணு தடவ போயி, சொல்லாம வந்துட்டேன்.” மிச்சம் வைத்த டீ. பாதியில் விழுங்கிய வார்த்தை. நான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம் அவரும் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பெரிய டாக்டர் கையை நீட்டினார். “புது லிஸ்ட் கொண்டாந்தீங்களா?” அவ்வளவுதான், இப்போது வாயை மூடிக்கொண்டு தாளை நீட்டினால் போதும், மனுஷர் தானாகவே குழியில் இறங்கி நிற்கிறார், நான் மண்ணைத் தள்ளக்கூட வேண்டாம். “மேடம், அந்த ஒரு நம்பர்தான் மேடம் சரி” என்றேன். என் குரல் எனக்கே எங்கிருந்தோ கேட்டது. “ஜனவரி லிஸ்ட்ல அவர் மாத்தின அந்த ஒண்ணுதான் உருப்படி. மத்தது எதையும் நம்ப முடியாது. இந்த லிஸ்டும் அப்படித்தான். புரோகிராம்ல நான் தப்பான சொல்லைப் போட்டுட்டேன். ஹெல்ப் பக்கத்த சரியாப் புரிஞ்சிக்கிடல. புரிஞ்சிட்டதா நெனச்சிக்கிட்டேன்.” பிறகு அத்தை, நான், வீட்டுக்காரர் என்று மூன்று பேரை வைத்து ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அத்தைக்கு இரண்டு வந்தபோது பெரிய டாக்டர் முகத்தில் புரிந்தது தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை, அதுதான் தாங்கவில்லை. லூர்து சார் இப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் கேட்டார், “அப்ப ஜனவரியில வேற யாருக்காவது…?” நான் களக்காடு என்றேன், சிவசுந்தர் என்றேன், ஆறு முடிந்து முப்பத்தெட்டு நாள் என்றேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “அந்தம்மா வந்தாங்க. பலகையப் பாத்தாங்க. ஒண்ணும் கேக்காம பையனக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அழுதவங்களுக்கு மாத்தினேன். அழாதவங்கள நான் பாக்கல.” பெரிய டாக்டர் பலகைத் தாளை நான்காகக் கிழித்தார். நாளையிலிருந்து கூப்பிடவிருந்த பன்னிரண்டு பேரையும் நிறுத்தச் சொன்னார், தர்ஷிகாவை முதலில் போடச் சொன்னார், கீழே காத்திருக்கிற அந்த அம்மாவிடம் இப்போதே போய்ச் சொல்லச் சொன்னார். “உங்க ரெண்டு பேருக்கும் மெமோ வரும். அது வேற. அந்தப் பையனுக்கு முப்பத்தெட்டு நாளுதான் கூடியிருக்கு, தப்பு நம்மளுதுன்னு டிரஸ்டுக்கு எழுதிக் கேப்பேன். தருவாங்களான்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். ஆனா நாம எழுதறதுக்கு முன்னாடி பையனோட அம்மாவுக்குத் தெரியணும். யார் பேசுறீங்க?” “நான் பேசிடுதேன் மேடம், எனக்கு அவங்க முகம் தெரியும்” என்றார் லூர்து சார். முகம் தெரிந்தவர் பேசினால் அந்தம்மா எதுவும் கேட்காமலே போய்விடுவாள், போன தடவை போல. “இல்ல சார், நான் பேசுதேன்” என்றேன்.

கீழே போய்ப் பேச்சித்தாயிடம் முதலில் சொன்னேன். முதல் நம்பர் என்றதும் அவள் சந்தோஷப்படவில்லை, என் முகத்தையே பார்த்தாள், காலையில் முப்பத்தொன்று, சாயங்காலம் ஒன்று, இதில் எதை நம்புவது என்று பார்க்கிற பார்வை. எழுதிக் கொடுங்கள் என்றாள். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை மடித்து, இரண்டு தரம் தடவிப் பார்த்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போனாள். அவள் செய்தது சரி. விண்ணப்பத்தில் களக்காட்டு நம்பர் இருக்கிறது, சிவசுந்தரின் அம்மா வேலம்மாள், வாழைத் தோட்டக் கூலி. மணி அடிக்கிறது. எடுக்காமல் இருந்தால் என்று ஒரு நொடி, வேண்டாம், எடுக்கட்டும். என்ன சொல்லித் தொடங்குவது? ‘ஒரு சின்னத் தவறு’ என்றா? சின்னது என்ற சொல் எங்கிருந்து வருகிறது. ‘கம்ப்யூட்டரில் ஒரு குழப்பம்’ என்றா? எல்லா இடத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள், ரேஷன் கடையில், பேங்கில், ஒரு சொல்கூடப் பொய் இல்லாமல் எதையும் சொல்லாமல் விடுவது. நான்காவது மணியில் எடுத்தாள். பின்னால் வாழைத்தார் ஏற்றுகிற சத்தம், யாரோ “ஏ, மெல்ல ஏத்துல” என்று கத்துகிறார்கள். “ஆஸ்பத்திரில இருந்து பேசுதேன் அக்கா, பாளையங்கோட்டை, சிவசுந்தர் விஷயமா” என்றேன். “அவனுக்குத்தான் வயசு ஆயிட்டுன்னு சொல்லீட்டாங்களே. இப்ப எதுக்குக் கூப்புடுதீங்க? எதுலயாவது கையெழுத்து வேணுமா? நான் ஒண்ணுலயும் போட மாட்டேன்.” “கையெழுத்து வேண்டாம் அக்கா. வயசு ஆகுறதுக்கு முந்தியே அவனைக் கூப்பிட்டிருக்கணும். ரெண்டாவது நம்பர் அவனுக்கு. லிஸ்ட் போட்டது நான். நான் தப்பாப் போட்டுட்டேன். அதனாலதான் அவனுக்குக் கிடைக்கல.” சத்தத்தைவிட்டு அவள் எங்கேயோ தள்ளி நடக்கிறாள், காய்ந்த வாழைச் சருகில் மிதிக்கிற சத்தம், நிற்கிறாள். “பெரிய டாக்டர் மேலே எழுதிக் கேக்காங்க. கிடைக்கும்னு எங்களால சொல்ல முடியாது. கிடைச்சாலும் கிடைக்காட்டாலும், தப்பு யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியணும்னு…” “இரு” என்றாள். நீங்கள் போய் நீ ஆகிவிட்டது. “யாரும் இப்படிக் கூப்புட்டுச் சொல்ல மாட்டாங்களே. உன்ன யாரு சொல்லச் சொன்னா? இதுல உனக்கு என்ன வருது?” ஒன்றும் வரவில்லை என்று சொல்லலாம், அதையும் அவள் ஏன் நம்ப வேண்டும். “கேளுங்க அக்கா. என்ன கேக்கணுமோ கேளுங்க. நாளைக்கும் கூப்பிட்டுக் கேளுங்க.” “உம் பேரு என்ன?” வடிவு என்றேன். “முழுப் பேரு. அப்பா பேரோட. எழுதிக்கிடுதேன்.” அங்கே யாரிடமோ பேனா கேட்கிறாள், பேனா இல்லை, யாரோ ஒரு கரித்துண்டு கொடுக்கிறார்கள் போல, “இந்த அட்டைல எழுது” என்று ஒரு ஆண் குரல். “ம், சொல்லு” என்றாள். அவள் எழுதுகிற வேகத்துக்கு, ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்கினேன்.